படையாச்சி என்பது முகவரி இல்லை

பட்டணத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குப் புதுசா ஒரு ஆசை வந்திருக்கு. "எங்க சர்நேம் படையாட்சிங்க. மரக்காணம் பக்கம்தான் பூர்வீகம்னு அப்பா சொல்வார். எந்த ராஜா படையில இருந்தோம், எந்த நாட்டுலேர்ந்து இங்க வந்தோம்னு தெரியுமா?" இப்படிக் கேட்டு எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரு தம்பி, காசு கொடுத்து வாங்கிய 'குடும்பப் பெயர் வரலாறு' ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். ஒரு கேடயம், அதில் சிங்கம், குறுக்கே ரெண்டு வாள், கீழே இங்கிலீஷில் படையாட்சி. எங்க பக்கம் சவுக்குத் தோப்பில் நரி உண்டு. சிங்கத்துக்கு நான் எங்கே போவேன்?

எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நமக்கு சர்நேம் கிடையாது. இருந்து தொலைந்துபோனதும் இல்லை. பாஸ்போர்ட்டு, கம்பெனி வேலை என்று போன இடத்தில் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பத் தாத்தாவுடைய பட்டத்தை எடுத்து ஒட்டினீர்கள். இப்போது அந்தக் கட்டத்துக்கு ஆயிரம் வருஷத்து வரலாறு கேட்கிறீர்கள்.

பட்டம் என்றால் என்ன என்று எங்க ஊரில் நின்று பார்த்தால் தெரியும். மரக்காணத்தில் இருந்து தெற்கே கடலூர் பக்கம் போனால் எங்க சாதிக்காரர் படையாச்சி. வடக்கே மதுராந்தகம், செங்கல்பட்டு என்று போனால் அதே ஆள் நாயக்கர். மேற்கே திண்டிவனம் தாண்டி செஞ்சி, திருவண்ணாமலை போனால் கவுண்டர். என் அப்பாவைப் பெற்றவர் படையாச்சி, அம்மாவைப் பெற்றவர் நாயக்கர், என் மாமனார் கவுண்டர். மூணு பேரும் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் மாறிப்போகிற சொல்லை வைத்துக்கொண்டு எந்த நாட்டில் இருந்து வந்தோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னும் கேளுங்க. கோயம்புத்தூர்க் கவுண்டரும் செஞ்சிக் கவுண்டரும் ஒரே சாதி கிடையாது. மதுரையை ஆண்ட தெலுங்கு நாயக்கரும் மதுராந்தகத்து நாயக்கரும் ஒன்று கிடையாது. செட்டியார் என்றால் உங்களுக்குக் காரைக்குடி மாளிகை ஞாபகம் வரும். எங்க கடற்கரைக் குப்பங்களில் வலை இழுக்கிற பட்டினவர்களுக்கும் செட்டி என்றுதான் பட்டம். பிள்ளை என்று எத்தனை சாதியில் போட்டுக்கொள்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

படை, ஆட்சி என்று பிரித்து அர்த்தம் சொல்வது சுலபம். சொல்லுக்கு அந்த அர்த்தம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் லட்சக்கணக்கான பேருக்குப் பொதுவாக இருக்கிற ஒரு மரியாதைச் சொல் ஒரு வீட்டின் பூர்வீகத்தைச் சொல்லாது. அத்தனை பேரும் தளபதி என்றால் சிப்பாய் யார்? அத்தனை பேரும் சண்டைக்குப் போனார்கள் என்றால் மல்லாட்டை பிடுங்கினது யார்? எங்க தாத்தா ஆண்டது ரெண்டரைக் காணி மானாவாரி. அதையும் முழுசாக ஆள விடாமல் பாதியைக் கடன்காரன் ஆண்டான்.

பெண்கள் சமாசாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை யாரும் யோசிக்கிறதே இல்லை. உங்க பாட்டி பெயர் என்ன? கன்னியம்மாள், பச்சையம்மாள், அஞ்சலாட்சி, இப்படி ஏதாவது இருக்கும். அவர் பெயருக்குப் பின்னால் படையாச்சி என்று யாராவது கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். பட்டம் ஆம்பிளைக்கு மட்டும். சபையில் பாக்கு வைக்கிறபோது கூப்பிடுகிற மரியாதை அது. பெண்ணுக்குப் பாக்கு வைக்கவில்லை, பட்டமும் வைக்கவில்லை. இன்றைக்குப் பெங்களூரில் பிறந்த பெண் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் படையாட்சி என்று எழுதிவிட்டு, இது எங்க பாரம்பரியம் என்கிறார்கள். அந்தப் பாரம்பரியத்துக்கு வயசு அந்தக் குழந்தையின் வயசுதான்.

எங்க ஊருக்கு மருமகளாக வருகிறவளுக்கு வேறு ஒரு பெயர் உண்டு. அனுமந்தையில் இருந்து வந்தால் அனுமந்தையாள். கந்தாட்டில் இருந்து வந்தால் கந்தாட்டாள். ஐம்பது வருஷம் இங்கே குடித்தனம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்து, செத்துப் போகிற வரைக்கும் பிறந்த ஊர் அவளை விட்டுப் போகாது. குடிபெயர்ந்த வரலாறு என்று கேட்கிறீர்களே, அது இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொம்பளை இடம்பெயர்ந்து வந்திருக்கிறாள், எங்கே இருந்து என்று அவளைக் கூப்பிடுகிற சொல்லிலேயே இருக்கிறது. சர்நேம் தேடுகிற யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே வாளும் இல்லை, சிங்கமும் இல்லை.

என் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்கள் இருக்கின்றன. எழுதினவர் யாராக இருந்தாலும் வரிசை மாறாது. தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுக்கா, இன்ன கிராமத்தில் இருக்கும், இன்னார் குமாரர், இன்னார். ஜில்லா, தாலுக்கா, ஊர், அப்பன், அதற்கு அப்புறம்தான் ஆள். பட்டம் கடைசியில் தொங்குகிற குஞ்சம். தென்னாற்காடு 1993இல் உடைந்து எங்க பக்கம் விழுப்புரம் மாவட்டம் ஆனது. தாலுக்காவும் மாறிவிட்டது. ஊர்ப் பெயர் அப்படியே இருக்கிறது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால் இன்றைக்கும் அந்த நிலத்தில் போய் நிற்கலாம்.

அதே பத்திரங்களில் இன்னொன்றும் இருக்கிறது. பட்டம் உள்ளவருக்கு 'குமாரர்'. சேரியில் இருந்த ஆளுக்கு 'மகன்'. எங்களுக்குப் பட்டம் எழுதின இடத்தில் அவருக்குச் சாதியையே 'ன்' விகுதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ரெண்டு பேரும் ஒரே வெயிலில் ஒரே வரப்பில் நின்றவர்கள். சர்நேம் வரலாறு என்று நீங்கள் பெருமையாகக் கிளறுகிற இடத்தில் இதுவும் சேர்ந்துதான் வரும். பட்டத்தைப் பாரம்பரியம் என்று மேலே தூக்கினால், பட்டம் கொடுக்கப்படாத ஆளை என்ன சொல்லப் போகிறீர்கள்? பாரம்பரியம் இல்லாதவன் என்றா?

இதையெல்லாம் யோசித்துத்தான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மாநாட்டுக்குத் தலைவர் சௌந்தரபாண்டிய நாடார். அவரே நாடாரை விட்டு சௌந்தரபாண்டியன் ஆனார். பெரியாரும் நாயக்கரை விட்டுவிட்டார். நூறு வருஷம் ஆகப் போகிறது. இந்தியாவில் வேறு எங்கேயும் இவ்வளவு பேர் பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை உதறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல நான் கிறுக்கன் இல்லை. 2013 ஏப்ரலில், சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டிகள் மாமல்லபுரம் போன அன்றைக்கு, மரக்காணத்தில் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் போயின. பெயரில் பட்டம் இல்லாவிட்டாலும் ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் பட்டத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டால் என்ன என்று ஒருத்தர் கேட்டார். வயலில் பாம்பு இருக்கிறது என்பதற்காக வீட்டுக்குள்ளும் ஒன்றைக் கொண்டு வந்து விடுவீர்களா?

நிஜமாகவே சர்நேம் உள்ள தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது எப்படி வந்தது என்று பார்த்தால் உங்க ஆசை கொஞ்சம் அடங்கும்.

1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தில் ட்ரூரோ என்ற கப்பல் போய் நின்றது. சென்னையில் இருந்து கரும்புத் தோட்டக் கூலிக்குப் போன கப்பல். அதில் இருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் ரெண்டு பங்கு சென்னை மாகாணத்துச் சனம். ஒவ்வொரு ஆளுக்கும் பதிவேட்டில் நம்பர் போட்டு, பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஜில்லா, தாணா, கிராமம் எல்லாம் எழுதினார்கள். எங்க பத்திரத்தில் இருக்கிற அதே சங்கதிகள்தான். ஆனால் வெள்ளைக்காரனுக்கு ஒரு கடைசிப் பெயர் வேண்டும். சிலருக்கு அப்பா பெயரே கடைசிப் பெயர் ஆனது. சிலருக்குப் பட்டம் ஆனது. கவுண்டர் கவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், பிள்ளை பில்லே ஆனார், படையாச்சி மட்டும் கொஞ்சம் நீண்டு படையாச்சீ என்று நின்றார். கடலைத் தாண்டின பிறகு வேறு பட்டம் சூடிக்கொண்டவர்களும் உண்டு. அதில் தப்பென்ன, ஊரில் கொடுக்காத மரியாதையை அங்கே போய் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

மொரீஷியசிலும் பிரெஞ்சுத் தீவுகளிலும் இன்னொரு கூத்து. யாரோ ஒரு கூலித் தாத்தாவின் சொந்தப் பெயர் அப்படியே உறைந்துபோய், பரம்பரை முழுக்க அதுவே குடும்பப் பெயர். வீரப்பன் என்ற ஒரு ஆளின் பெயர் அவன் பேத்தி, கொள்ளுப்பேத்தி எல்லாருக்கும் கடைசிப் பெயர். குவாதலூப் தீவில் ஆன்றி சிதம்பரம் என்று ஒருவர். இந்தியக் கூலிகளின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1904இல் வழக்கை ஆரம்பித்து 1923 வரைக்கும் போராடி வென்றவர். சிதம்பரம் என்று பார்த்ததும் சிதம்பரத்துக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது ஊர்ப் பெயர், சாமி பெயர், ஆளின் பெயர், மூணும்தான். அதே தீவில் மூட்டூசாமி என்று நிறைய குடும்பங்கள். எல்லாரும் ஒரே முத்துசாமியின் வாரிசா? வடாற்காட்டில் ஒரு முத்துசாமி, தஞ்சாவூரில் ஒரு முத்துசாமி, காரைக்காலில் கப்பல் ஏறும்போது பக்கத்தில் நின்ற இன்னொரு முத்துசாமி.

எங்களுக்கு 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பாண்டிச்சேரியிலேயே இது நடந்தது. 1881இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு ஆணை போட்டார்கள். இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு எங்க சட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு குடும்பப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று. பொன்னுத்தம்பி பிள்ளை என்கிற வக்கீல் லாபோர்த் ஆனார். கோர்ட்டுக்குள் ஷூ போட்டு வரக்கூடாது என்று தடுத்தபோது பாரிஸ் வரைக்கும் வழக்காடி ஜெயித்தவர் அவர். லாபோர்த் என்றால் கதவு. இந்த சர்நேமின் பிறப்பு வருஷம், காரணம் எல்லாம் தெரியும். ஒரு மனிதர் யோசித்து வைத்துக்கொண்ட பெயர். அதற்கு முன்னால் அந்த வீட்டில் லாபோர்த் யாரும் கிடையாது.

தில்லையாடி வள்ளியம்மை கதை உங்களுக்குத் தெரியும். 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி பதினாறு வயதில் செத்துப் போனது. அங்கே காகிதத்தில் அந்தப் பெண் முனுசாமி முதலியார் மகள். முதலியார் என்பதை வைத்துத் தேடினால் தமிழ்நாட்டில் எத்தனை ஊர் அலைய வேண்டும்? தில்லையாடி என்ற ஊர்ப் பெயர் இருந்தது. 1915இல் காந்தி நேராக தில்லையாடிக்கே வந்தார். அந்தப் பிள்ளை தில்லையாடியைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை. ஆனால் அதன் பெயருக்கு முன்னால் இன்றைக்கும் நிற்பது அந்த ஊர்தான்.

எங்க உப்பளத்துக்கு வந்து பாருங்கள். ஒரே வரிசைப் பாத்திகளில் நாலு முருகன் உப்பு வாருவார்கள். கணக்குப்பிள்ளை குழம்பவே மாட்டார். கந்தாடு முருகன், முருக்கேரி முருகன், வண்டிப்பாளையம் முருகன், அப்புறம் ஒரு குட்டை முருகன். நாலு பேரும் நாலு சாதி. கூலி நோட்டில் பட்டத்துக்கு இடம் இல்லை, தேவையும் இல்லை. ஊரை எழுது, அப்பன் பெயரை எழுது, முடிந்தது. 'மு. முருகன்' என்று நீங்கள் கேலியாகப் பார்க்கிற இனிஷியல் அதே வேலையைத்தான் செய்கிறது.

"அதெல்லாம் சரி அண்ணே, வெளிநாட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறானே" என்பீர்கள். தொல்லை உண்மைதான். அமெரிக்க விசாவில் நம்ம ஆட்களுக்கு முதல் பெயர் தெரியவில்லை என்று எப்.என்.யு. என்று அச்சடித்துக் கொடுக்கிறான். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் சுற்றுலா விசாவில் வரக்கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகம் சொன்னது. பிறகு அவர்களே, பாஸ்போர்ட்டின் ரெண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். கவனிச்சீங்களா, துபாய்க்காரனே அப்பா பெயர் போதும் என்கிறான். சாதிப் பட்டம் கொண்டு வா என்று அவன் கேட்கவே இல்லை.

மலேசியாவில் நம்ம ஆட்களுக்கு அடையாள அட்டையில் இன்னார் அனக் லெலாக்கி இன்னார் என்றுதான் இருக்கும். மகன் என்று அர்த்தம். பெண்ணுக்கு அனக் பெரெம்புவான், மகள். ஐஸ்லாந்து என்ற தேசத்தில் நாட்டுக்காரர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். டெலிபோன் டைரக்டரியைக் கூட சொந்தப் பெயரை வைத்துத்தான் அடுக்கினார்கள். மூணரை நாலு லட்சம் பேர் அப்படி ஒரு நாட்டையே நடத்துகிறார்கள். எட்டுக் கோடிப் பேர் நாம், ஒரு கட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

குடும்பத்தில் ஒரு பெயர் தொடர வேண்டும் என்று ஆசை இருந்தால் அதற்கும் நம்ம கிட்ட வழி இருக்கிறது. பேரன் என்றால் பெயரன். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். தமிழில் அந்த உறவுக்கே அதுதான் பெயர். சர் சி.வி. ராமனின் அப்பா சந்திரசேகர ஐயர். ராமனின் அண்ணன் சுப்பிரமணியம். அந்த அண்ணன் மகனுக்குத் தாத்தா பெயர் வைத்தார்கள், சந்திரசேகர். 1930இல் சித்தப்பாவுக்கு நோபல், 1983இல் அண்ணன் மகனுக்கு நோபல். ரெண்டு பேருக்கும் பொதுவான சர்நேம் இல்லை. ராமன் விளைவு, சந்திரசேகர் எல்லை, ரெண்டும் அவரவர் சொந்தப் பெயரில் நிற்கின்றன. அந்தச் சந்திரசேகருக்குள் தாத்தாவும் இருக்கிறார். எங்க தெருவிலும் இதே கதைதான், நோபல் மட்டும் வரவில்லை. ஒரு வீட்டில் ஒன்று விட்டு ஒன்று தருமலிங்கம், ஆறுமுகம், தருமலிங்கம், ஆறுமுகம் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசி ஆறுமுகத்தின் பையன் பெயர் ஆதவ். அங்கே அறுந்தது. சர்நேம் இல்லாததால் அறுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சாமியையும் சேர்த்துச் சொல்லணும். எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில், பாரதக் கூத்து, தீமிதி இல்லாத வட்டாரம் கிடையாது. அதனால்தான் அர்ச்சுனன், தருமன், பாஞ்சாலை என்று இத்தனை பெயர்கள். ரியூனியன் தீவில் இன்றைக்கும் தீ மிதிக்கிறார்கள். அம்மனுக்கு அங்கே பந்தியாலே என்று பெயர். பாஞ்சாலிதான், வாயில் தேய்ந்து போயிருக்கிறது. எங்கே இருந்து போனோம் என்பதை அங்கே இருக்கிறவர்களுக்கு இந்தத் தீமிதி சொல்லுகிற அளவுக்குப் பட்டம் சொல்லாது.

படிவத்தில் என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: அப்பா பெயரை எழுதுங்க. அம்மா பெயரை எழுதுங்க, அதுவும் செல்லும். ஊர்ப் பெயரை எழுதுங்க, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கப் பதினைந்து வருஷம் வரைக்கும் வழி இருக்கிறது, ஒரு வருஷத்துக்குள் என்றால் காசு கூடக் கிடையாது. அவசரத்தில் பட்டத்தை எடுத்து ஒட்ட வேண்டியதில்லை.

டர்பனில் இருந்தோ மொரீஷியசில் இருந்தோ வேரைத் தேடி வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கப்பல் பதிவேட்டில் உங்க தாத்தாவின் நம்பரைக் கண்டுபிடித்து, தாணா, கிராமம் என்ற ரெண்டு கட்டத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அப்பா பெயர்க் கட்டத்தையும் விடாதீர்கள். கிராமத்தின் பெயரை வெள்ளைக்காரன் கண்டபடி எழுதியிருப்பான். அதை முருக்கேரி டீக்கடையிலோ கூனிமேட்டுப் பஸ் ஸ்டாண்டிலோ உட்கார்ந்து, வாய்விட்டு நாலு விதமாகச் சொல்லிப் பாருங்கள். வயசான ஆள் யாருக்காவது ஒன்று பிடிபடும். வெறும் படையாச்சி என்பதோடு வந்தால், திண்டிவனத்தில் இருந்து கடலூர் வரைக்கும் எந்தத் திண்ணையில் வேண்டுமானாலும் உட்காருங்கள், மோர் கொடுப்பார்கள், "ஆமாம்பா, எங்க வீடுதான்" என்று எல்லாரும் சொல்வார்கள்.